தொரை கட்டுவாரா?

போன ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மீட்டிங். ‘நீங்களும் வாங்க, எழுதுறதுக்கு ஏதாவது கிடைக்கும்’ என்று கூப்பிட்டிருந்தார்கள். கிடைத்தது!

விஷயம் இதுதான். சில நாடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளி, தொழிலாளர்களின் பயிற்சிக்கென்று ஒரு தொகையைக் கட்டியே ஆகவேண்டும். தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி... கட்டு! அப்படியொன்று இங்கேயும் வேண்டுமா என்று கருத்துக் கேட்கத்தான் மீட்டிங்.

விளக்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், தொழிற்பயிற்சி அதிகாரி. தங்கமான மனிதர். ஆனால் மைக்கைப் பிடித்தால் அரசாங்க வர்த்தமானித் தமிழ்தான் வருகிறது. “பயிற்சிக்கான வரி அறவிடப்படும்” என்று முடித்து, ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

ஐம்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். ஒரு கை? ம்ஹூம்!

அதிகாரியின் முகம் வாடிப்போனது. எனக்குள் இருக்கும் அதிகப்பிரசங்கியோ, ‘நல்லது சொன்னா நம்ம சனத்துக்கு எங்கே ஏறுது’ என்று அதற்குள் பாதிப் பத்தியை மனதில் எழுதிவிட்டான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முன்வரிசையில் இருந்த தவமணி எழுந்தார். கொழுந்து பறிப்பவர். நாற்பது வயதிருக்கும்.

“எங்க சம்பளத்துல எவ்வளவு சார் பிடிப்பாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் அறவிடுவது என்றால் சம்பளத்தில் பிடிப்பது. சங்கத்துக்குச் சந்தா பிடிப்பார்கள். கோயிலுக்குப் பிடிப்பார்கள். தேயிலைத் தூளுக்கும் பிடிப்பார்கள். இவர்களிடம் இல்லாமல் வேறு யாரிடமாவது பிடித்து இவர்கள் பார்த்திருக்கிறார்களா என்ன?

அதிகாரி மைக்கைக் கீழே வைத்தார். தமிழும் இறங்கி வந்தது. “உங்களிட்டை ஒரு சதமும் எடுக்கேலாது அம்மா. முதலாளிதான் கட்டவேணும். சட்டம் அப்பிடி.”

தவமணி மெதுவாகக் கேட்டார்.

“நாங்க வேலை கத்துக்கிறதுக்கு... தொரை கட்டணுமா?”

தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். அந்தக் கேள்வியில் கோபமில்லை, கிண்டலில்லை. உலகத்தில் இப்படியும் ஒரு சட்டம் இருக்கிறதா என்கிற பிரமிப்பு மட்டும்தான். பேப்பரில் எத்தனையோ தடவை படித்து, பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போன சங்கதி அது. அவர் வாயால் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

பிறகு தவமணி சொன்னதுதான் அன்றைய மீட்டிங். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைக் கங்காணி இவருக்குப் பக்கத்து நிரையில்தான் நிறுத்துவாராம். எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது, விரல் எப்படிப் போகவேண்டும் — எல்லாம் இவர்தான் காட்டவேண்டும். காட்டிக்கொண்டே இருந்தால் இவர் கூடை எப்படி நிறையும்? நிறுக்கும்போது எடை குறையும். எடை குறைந்தால் அரைநாள் சம்பளம். அதற்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று பெயர்.

“கத்துக்குடுக்கிற நாளெல்லாம் எனக்கு அரைப்பேருதான் சார். நாளைக்கும் ரெண்டு பேரு வர்றாங்க. முடியாதுன்னா அவங்க பொழப்பு போயிரும். சரின்னா என் பொழப்பு போகுது.”

சட்டம் இன்னும் வரவே இல்லை. ஆனால் வரி... அது பாட்டுக்கு வசூலாகிக்கொண்டிருக்கிறது! கட்டிக்கொண்டிருப்பவர் என் கண்முன்னால் நிற்கிறார். எந்த நிபுணர் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்?

அதிகாரி மறுபடி கை தூக்கச் சொன்னார். இந்தத் தடவை எண்ணமுடியவில்லை.

தவமணி சொன்னதைச் சாட்சியமாக மேலிடத்துக்கு அனுப்பப்போவதாகச் சொல்லி, ஒரு ஃபார்மை எடுத்து வார்த்தைக்கு வார்த்தை எழுதினார். கடைசியில் பெயரைக் கேட்டார்.

“கருப்பையா தவமணி. முழுப்பேரா போடுங்க சார்.”