சேஃப்டி சாரின் முதுகுவலி

குளத்தூர் விலக்கில் இருந்த அந்தச் சிறிய பஸ் பணிமனையில் ரெத்தினதாஸை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சேஃப்டி சார் என்றால்தான் தெரியும். பாட்டரி அறைக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தவனை ஓட ஓட விரட்டியது அவர். வேலைக்குழியின் மேல் பலகை போடவைத்தது அவர். அவருடைய பேன்ட்டின் முழங்கால்களில் எப்போதும் இரண்டு மண் வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முன்னால் முட்டுக்குத்தி, அடியில் ஆள் உண்டா என்று குனிந்து பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்.

"சார் சர்ச்சில முட்டுக்குத்துனதவிட பஸ்ஸுக்க முன்னால முட்டுக்குத்துனது கூடுதலாக்கும்," என்பான் டிரைவர் சுந்தரன். சார் சிரிப்பார். அது அவருக்குப் பிடித்த கேலி.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸுக்கு அடியில் போகிறவன் சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுப் போவான். கிரீஸ் அடிக்கிற அவசரத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்க நேரம் இருக்காது, சட்டைதான் கட்டை. மாட்டியவனே வந்து எடுக்க வேண்டும். அதுவரை பஸ் நகராது. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத அந்த வழக்கத்தை மேலிடத்தில் பேசி நிலைக்கவைத்ததும் ரெத்தினதாஸ்தான்.

மெக்கானிக் பாலையன் அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்தவன். ரெத்தினதாஸின் அப்பா ராஜையாவுடைய தென்னந்தோப்பில் பாலையனின் அப்பன் குடில் கட்டி இருந்தார். நிலச் சட்டம் வந்தது. குடில் இருந்த பத்து சென்ட் பாலையனுக்குப் பட்டயமானது. ரெத்தினதாஸ் டீக்கடையில் அந்தச் சட்டத்தை நியாயம் என்றே பேசினார். ஆனால் பாலையன் வேலி கட்டிய நாளிலிருந்து அந்த வழியாக நடப்பதை விட்டுவிட்டு, சுற்றி ரோட்டுக்குப் போனார். சின்ன முதலாளி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பாலையன், எல்லோரையும்போல, சாரே என்று கூப்பிடத் தொடங்கினான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அது காதில் விழுந்தது.

பிறகு பாலையனின் மகன் துபாய்க்குப் போனான். முதல் லீவில் அப்பனுக்கு ஒரு சட்டை கொண்டுவந்தான். நீலத்தில் பெரிய மஞ்சள் பூக்கள், பித்தானுக்குப் பதில் அமுக்கினால் டிக்கென்று பூட்டும் குமிழ்கள். அடுத்து அப்பனுக்கே விசா வரப்போகிறது, அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை என்று பணிமனை முழுவதும் பேச்சாயிற்று. மறுநாள் பாலையன் அந்தச் சட்டையோடு வேலைக்கு வந்தான்.

"எலே, கொஞ்சம் தள்ளி நில்லு. கண்ணு கூசுது," என்றான் சுந்தரன்.

"உனக்க கண்ணுக்கு இப்பளே கூசினா, நான் கூலிங்கிளாஸ் போட்டுட்டு வரும்ப என்ன செய்வ, மக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரெத்தினதாஸ் சிரிக்கவில்லை.

அன்று காலை அம்பூரி பஸ் தாமதமாகிவிட்டது. ஆட்கள் விலக்கில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெத்தினதாஸ் டிரைவர் சீட்டில் ஏறிப் பார்த்தார். ஸ்டியரிங்கில் மஞ்சள் பூச் சட்டை தொங்கியது. வெயில் பட்டு மின்னியது. அதை எடுத்துப் பின்சீட்டில் எறிந்தார்.

"வண்டிய எடுத்துட்டுப் போ, சுந்தரா."

சுந்தரன் தயங்கினான். "சாரே, சட்டை?"

"அது காட்சிக்கு வச்சது. நீ எடு."

சார் சொன்னால் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். சுந்தரன் வண்டியை எடுத்தான். ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது. அடியிலிருந்து வந்த குரல் மனிதக் குரல் என்று புரியவே கொஞ்சம் நேரமானது.

பாலையனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மிச்ச மூன்றும் மடங்கவில்லை. விசா வந்தது. பம்பாயில் ஏஜென்ட் கையைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ரெத்தினதாஸ் எதையும் மறைக்கவில்லை. சட்டையை எடுத்தது நான், வண்டியை எடுக்கச் சொன்னதும் நான், சுந்தரன்மேல் குற்றமில்லை என்றார். ஒரு மெமோ, ஒரு வருட சம்பள உயர்வு நிறுத்தம். பணிமனையில் அவருக்கு மதிப்பு கூடியது. வேற ஆளுன்னா டிரைவருக்க தலையில கெட்டிவச்சிருப்பான் என்றார்கள். அவர் நடந்து போனால் டீக்கடை பெஞ்சில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதை உடம்பில் அரிப்பெடுத்ததுபோல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், பல வருடங்களுக்குப் பிறகு அந்த வேலியைத் திறந்து பாலையன் வீட்டுக்குப் போனார். பாலையன் நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டான். உடம்பில் அந்த மஞ்சள் பூச் சட்டை. மற்றச் சட்டைகளின் பித்தானை ஒற்றைக் கையால் போட முடியவில்லை. இது அமுக்கினால் போதும்.

"இரியுங்க சாரே. கார்த்தியாயினி, சாருக்குச் சாயா."

கார்த்தியாயினி சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டா சாரே?"

"கேளு."

"எல்லா பஸ்ஸுக்கும் நீங்க குனிஞ்சு பாப்பீங்களாம். இவரு டெய்லி வந்து சொல்லுவாரு. சார் பாத்தா பயப்படாண்டாம்னு சொல்லுவாரு. அண்ணு மட்டும் ஏன் குனியல்ல?"

அதிகாரி கேட்காத கேள்வி அது. ரெத்தினதாஸுக்குப் பதில் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கியபோது முழங்கால் பழக்கத்தில் வளையத்தான் பார்த்தது. அடியில் பாலையன் இருக்கலாம் என்று தோன்றியதும் உண்டு. அந்தச் சட்டைக்காரனுக்கு முன்னால் மண்ணில் முட்டுக்குத்த வேண்டுமா என்று ஒரு கணம். அந்த ஒரு கணம்தான். முழங்காலை நிமிர்த்திவிட்டார்.

சாயாவில் ஆடை படிந்தது.

பாலையன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"நீ ஒருத்தி. சாருக்கு அண்ணு முதுகுவலியாக்கும். வயசாவுதில்லியா. என்ன சாரே?"

"ஆமா," என்றார் ரெத்தினதாஸ்.

கார்த்தியாயினி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் நம்பவில்லை. பாலையனும் நம்பிச் சொல்லவில்லை என்பது வேலியைத் தாண்டும்போது புரிந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வேலியைச் சாத்திவிட்டு நடந்தார்.

முதுகுவலிச் செய்தி பணிமனைக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு முன்னால் அவர் முட்டுக்குத்தியதும், சுந்தரன் ஓடிவந்து தோளைப் பிடித்தான். "சாரே, நீங்க குனியாண்டாம். நான் பாத்துச் சொல்லுதேன்." அவர் கையைத் தட்டிவிட்டு இன்னும் தாழக் குனிந்தார். வலியைப் பொறுத்துக்கொண்டு குனிகிறாரே என்று அதற்கும் ஒரு பேர் வந்தது.

அடுத்த லீவுக்கு வந்த பாலையனின் மகன், ஒரு சின்னக் குப்பியை ரெத்தினதாஸின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். பச்சை நிறத் தைலம், மேலே அரபி எழுத்து.

"சாருக்க முதுகுவலிக்குன்னு அப்பன் எழுதிக் கேட்டாராம். அங்கேருந்து கொண்டுவந்திருக்கான்," என்றாள் மனைவி லீலாபாய். "உங்களுக்கு எப்ப முதுகுவலி வந்தது? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

ரெத்தினதாஸ் அவளைப் பார்த்தார். அவளிடமாவது சொல்லலாம்.

"கொஞ்ச நாளா உண்டு," என்றார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

லீலாபாய் தைலத்தை ஊற்றித் தேய்த்தாள். "இங்கயா?"

"ஆமா."

"இங்கயும் உண்டா?"

"உண்டு," என்றார். தைலம் நன்றாக எரிந்தது.