முத்து எழும்பாத காய்ச்சல்

என் மனைவிக்கு வந்தது அம்மாள் வருத்தம், அம்மை நோய்தான் என்று பதினொரு நாள் நம்பியிருந்தோம். கண்ணகை அம்மன் கோயிலை வருசமெல்லாம் சாத்தி வைத்து, வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கும் ஊர் எங்களுடையது. காய்ச்சலோடு உடம்பில் சிவப்புப் புள்ளி கண்டால் நாங்கள் வேறொன்றை நினைப்பதில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய பங்குனி. வயல்வட்டையில் கதிர்ச்சூட்டை மாடு மிதித்து நெல் வீடு வந்த கையோடு அவளுக்குக் களைப்பு வந்தது. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. எங்கும் அடிபடாமலே கையிலும் துடையிலும் நீலம் பாய்ந்திருந்தது.

“நீங்க நித்திரையில உதைக்கிறீங்களாக்கும்” என்று என்னைப் பகிடி பண்ணினாள்.

பிறகு காய்ச்சல். அதன் பின் காலெல்லாம் கடுகு தூவியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டில்தான் வந்து இருப்பான். ஆகவே அந்த வீட்டில் மாமியின் சொல்தான் சட்டம். மாமி புள்ளிகளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மாள் வந்திரிக்கா. மருந்து மாயம் ஒண்டும் கூடா.”

வாசலில் வேப்பிலை கட்டியது நான்தான். கோயில் வளவு வேம்பிலிருந்து, கும்பிட்டுவிட்டு ஒடித்து வந்தேன். அடுப்பில் தாளிப்பு நின்றது. அவளை வெள்ளைச் சீலை விரித்துத் தனியே கிடத்தினோம்.

மூன்றாம் நாள் வேலிக்கு அப்பால் அடுத்த வளவு அக்காவின் குரல் கேட்டது. யாருக்குச் சொல்கிறாளோ, எங்களுக்குக் கேட்கத்தான் சொன்னாள்.

“போன வைகாசி கதவு திறந்து கிடக்கக்குள்ள இந்த வீட்டில மீன் பொரிச்ச மணம் வந்ததுதானே. அம்மாள் மறப்பாவோ?”

கதவு திறந்த நாள் முதல், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊரில் எவரும் பொரிக்க மாட்டோம். அம்மனுக்குச் சூடு ஆகாது. ஆனால் அன்று எங்கள் ஐந்து வயது மகள் மலேரியாவில் கிடந்து எழும்பி, மூன்று நாள் சோறு வேண்டாம் என்றிருந்தாள். நாலாம் நாள் பொரித்த மீன் கேட்டாள். தாய் மனசு, இரண்டு மணலை மீனைப் பொரித்துக் கொடுத்தாள். வால் துண்டை நானும் தின்றேன்.

அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவிக்குக் காய்ச்சலைவிட அதுதான் பாரமாயிற்று. “என்னோட போனாப் பரவாயில்ல. பிள்ளையிலயும் அம்மாள் கை வைப்பாவோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் அப்போது பயம் இருந்தது.

பதினோராம் நாள் நான் அவள் காலைத் தடவிப் பார்த்தேன். அம்மாள் வருத்தத்தை நான் அறியாதவன் அல்ல. எனக்கும் வந்தது, என் தம்பியைக் கொண்டுபோனதும் அதுதான். அம்மாள் போட்டால் முத்து எழும்பும், நீர் கோக்கும், கைக்குத் தட்டுப்படும். இதுவோ தோலுக்குக் கீழே மை சிந்தியதுபோல இருந்தது. ஒன்றும் எழும்பவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லைப் பாதி மூடுமளவுக்கு ஈறு, எங்கள் பேச்சில் முரசு, வீங்கி, ஊதாவாகி, ஓரமெல்லாம் இரத்தம் கசிந்தது.

“மாமி, இது அம்மாள் இல்ல” என்றேன்.

“நீங்க என்ன, கோயில்ல பூசை பண்ற கப்புகனாரோ?”

“கையைக் கொண்டாங்க. நீங்களே தடவிப் பாருங்க.”

மாமி தடவினார். உள்ளே போய், பட்டணம் போவதற்கு அவளுக்கு நல்ல சீலை எடுத்து வந்தார்.

தோணியில் வாவியைக் கடந்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். பறங்கி டொக்டர் ஒருவர் அவள் விரலில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். இரண்டு நாள் அங்கே வைத்துப் பார்த்தபின் என்னைத் தனியே கூப்பிட்டார். நன்றாகத் தமிழ் பேசினார். எலும்புக்குள்ளே இருக்கும் மச்சையில்தான் இரத்தம் ஊறுகிறதாம். அங்கே வெள்ளை அணுக்களில் மொனோசைட் என்றொரு சாதி, முற்றாமலே கணக்கில்லாமல் பெருகிவிட்டதாம். நோயின் பெயர் லூக்கீமியா. நான் வேளாண்மைக்காரன், எனக்கு உடனே விளங்கியது: நெல்லைப் போலவே முளைத்து நெல்லை நெருக்குகிற புல். சிவப்பு அணுவுக்கு இடமில்லாததால் வெளுப்பும் களைப்பும். இரத்தத்தைக் கட்டுகிற சத்து குறைந்ததால் நீலமும் புள்ளியும். அந்த அணுக்கள் முரசுக்குள்ளும் போய் நிறைவதால் இந்த வீக்கம்.

“மருந்து?”

“இல்ல ஐயா. இஞ்சயும் இல்ல, கொழும்பிலயும் இல்ல. கிழமைக் கணக்குத்தான். மிஞ்சினா ரெண்டொரு மாசம்.”

“நான் பதினொரு நாள் வேப்பிலை கட்டி வச்சிருந்தன்.”

“முதல் நாளே கொண்டு வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பன்.”

வெட்கத்தை விட்டு மீன் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். “ஏன் வருதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா மீன் பொரிச்சு இது வாறதெண்டா பட்டணத்தில நாங்க ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம். பிள்ளைக்கும் இது தொத்தாது.”

திரும்பி வரும் தோணியில் அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

“அப்ப சாகப்போறன்?”

“ஓம் புள்ள. டொக்டர் அப்படித்தான் சொல்றார்.”

வாவித் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தைத் துடைத்தாள். “அப்ப அம்மாளுக்குக் கோவமில்ல?”

“இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வால் துண்டு திண்டது நான். எனக்கு ஒண்டும் வரல்லியே.”

சிரித்தாள். முரசிலிருந்து வந்த இரத்தத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். “அது நடுத்துண்டு. பொய் சொல்லாதீங்க.”

தன்னைக் குளிர்த்திக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வைகாசிவரை இருப்பாளோ என்று டொக்டருக்கே தெரியாது. நான் இருப்பாள் என்றே நடந்தேன். வாய்ப்புண்ணுக்குக் கஞ்சியை ஆற்றி வடித்துக் கொடுத்தேன், கதவு திறந்ததும் அடுப்பில் சட்டி காயாமல் பார்த்துக்கொண்டேன். அவள் இருந்தாள்.

குளிர்த்தி நாள் விடியற்புறம் சாய்மனைக் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கிப் போனோம். பெண்கள் பக்கத்தில் இறக்கியபோது சிலர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். அடுத்த வளவு அக்கா வாயைத் திறக்கும் முன்னே மாமி சத்தமாகச் சொன்னார்:

“முத்து எழும்பல்ல கா. நான் தடவிப் பாத்தன். இது இரத்தத்தில வந்த வருத்தம், என்ட மகள் ஒரு குற்றமும் செய்யல்ல. வந்து நீயும் தடவிப் பாரு.”

அவள் வந்தாள், தடவினாள். பிறகு அங்கேயே கதிரைக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். வேப்பிலையால் குளிர்த்தித் தண்ணீர் தெளித்தபோது என் மனைவி முகத்தை நிமிர்த்தி, வீங்கிய வாயைத் திறந்து ஏந்தினாள். மகளையும் இழுத்து முன்னே நிறுத்தினாள்.

ஆனி பிறந்து ஆறாம் நாள் போனாள். அம்மனை நான் நேற்றும் கும்பிட்டேன். இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: காய்ச்சலோடு புள்ளி கண்டால் வேப்பிலையும் கட்டுங்கள், தடவியும் பாருங்கள், முரசையும் பாருங்கள், தோணியும் பிடியுங்கள். செத்தவீட்டில் ஒருவரும் மீன் கதை எடுக்கவில்லை. எட்டாம் நாள் படைத்தபோது, அவளுக்கு விருப்பம் என்று மணலை மீன் பொரித்து வைத்தது அடுத்த வளவு அக்காதான். நடுத்துண்டு.