கோபுரம் வலக்கைப் பக்கம்

மீன்சுருட்டி அம்சவள்ளி முப்பத்திரண்டு ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் மணிமொழியைப் பார்க்க மூன்று மாத விசாவில் போனார். வெளிநாடு பார்க்கப் போனவர் முதல் ஐந்து வாரம் பார்த்ததெல்லாம், மூன்றாவது மாடிச் சன்னலிலிருந்து தெரிந்த கார் நிறுத்துமிடத்தைத்தான். மகளுக்கு ஓயாத டூட்டி. தாயைத் தனியே அனுப்பப் பயம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எண்ணி உட்காரவைத்துச் சோறு போட்டு எண்ணி அனுப்பிய மனுஷி தொலைந்துபோவார் என்று அவர் பெற்ற பிள்ளையே நினைத்தது.

ஒரு அக்டோபர் மாலையில் சமரசம் ஏற்பட்டது.

“இந்தாம்மா, டவுன் ஆபீஸ்ல குடுக்குற பேப்பரு. பழைய ஊர நீயா நடந்து பாக்கலாம். மொத்தம் பன்னெண்டு எடம். நாளைக்கு பஸ் ஏறுனா கடைசி ஸ்டாப்பு ஆத்துவாசல். அங்கேருந்து அம்புக்குறி போற பக்கமே போனா சுத்தி அங்கயே வந்து சேரலாம். நான் டூட்டி முடிஞ்சு ரெண்டு மணிக்கு அங்க வருவேன், நீ அங்க நிக்கணும்.”

“நின்னா?”

“இனிமே நீ எங்க வேணாலும் போ. வழி தப்புனியோ, பிளேன் ஏறுற வரைக்கும் வூட்ட விட்டு நகரக் கூடாது.”

“ஏழு வாரமா! ஜெயில்லகூட பரோல் உண்டுடி.”

மறுநாள் பத்து மணிக்கு ஆற்றுவாசலில் நின்று அம்சவள்ளி பேப்பரை விரித்தார். முட்டை வடிவில் கோட்டைச் சுவர், நட்டநடுவில் உயர்ந்த கோபுரத்தோடு ஒரு தேவாலயம், அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. எல்லாம் சரி. அம்புக்குறிகள்தான் சரியில்லை. கோபுரத்தை இடப்பக்கம் வைத்துச் சுற்றச் சொன்னது பேப்பர்.

அம்சவள்ளி கோயிலுக்கு அதிகம் போகிறவர் அல்லர். போகாத கோயிலின் ஒழுங்கில் மட்டும் மிகவும் கறாரானவர். எந்தச் சாமி என்பது அவருக்குப் பொருட்டில்லை; இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில்தான். பேப்பரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். பன்னிரண்டாவது இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினார்.

அங்கே ஒரு தெரு முழுக்க மரச்சட்டம் கோத்த வீடுகள், கல்யாணக் கூட்டத்தில் தூங்குகிறவர்களைப் போல ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரு நிலைப்படியின் மேல் 1487 என்று செதுக்கியிருந்தது. மேல் சன்னலில் ஒருவர் போர்வையை உதறிக் காயப் போட்டார். அம்சவள்ளி வாய் திறந்து பார்த்தார். பழமை அவரை மலைக்க வைக்காது. மீன்சுருட்டிக்காரர்களுக்கு ஆயிரம் வருஷத்துக் கோயில் என்பது பஸ்ஸில் போகும்போது தெரிகிற ஒன்று. ஆனால் பழசு என்றால் கம்பிவேலி போட்டுப் பலகை வைப்பதைத்தான் பார்த்திருக்கிறார். இங்கே அதில் போர்வை காய்கிறது.

போன் அடித்தது.

“அம்மா! நீ எங்க போறன்னு போன்ல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தப்பா போற!”

“தப்பா போட்டது அவங்க. நான் சரியாத்தான் போறேன்.”

“ஐயோ, எல்லாரும் அப்பிடித்தாம்மா போவாங்க.”

“போகட்டும். நான் என்ன பொணமா எடுத்துட்டுப் போறேன்? நீ ஊசியப் போடு, போ.”

பத்தாவது இடம் தானியக் கிடங்கு. கூரைக்குள்ளேயே நான்கு மாடி. வரிசை வரிசையாகக் குட்டிச் சன்னல்கள், உள்ளே காற்றுப் போக. பேப்பரில் மூட்டைகளின் படம் இருந்ததால் விளங்கியது. எலியோடு பங்கு போட்டுக்கொண்ட ஒற்றை அறையில் முப்பத்திரண்டு ஆண்டு அரிசி காத்தவர், அந்தச் சன்னல்களை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒரு ஊர் தன் பசிக்குக் கோட்டையைப் போலக் கட்டடம் எழுப்பியிருந்தது.

ஒன்பதில் வழி முடிந்தது. எல்லாரும் எட்டாவது இடத்தில் கோட்டைச் சுவர்மேல் ஏறி, ஒன்பதில் இறங்குவார்கள். இறங்கும் இடத்தில் சுழல்கம்பி. வெளியே வருகிற பக்கம் மட்டும் சுழலும். இரண்டு முறை தள்ளினார். ஜெர்மானியக் கம்பி வலமும் அறியாது, அம்சவள்ளியையும் அறியாது. வந்த வழியே திரும்பினால் இடச்சுற்று. சிவப்புக் கோட்டிலிருந்து விலகினால் ஏழு வாரச் சிறை.

அண்ணாந்து பார்த்தார். கூரைகளுக்கு மேலே கோபுரம் தெரிந்தது, வலக்கைப் பக்கம். அது அந்தப் பக்கமே இருக்கும்வரை சுற்று சுற்றுதான், புறப்பட்ட இடத்துக்குத்தான் கொண்டு சேர்க்கும். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சுவரின் அடியோடு நடந்தார்.

ஓரிடத்தில் சாரம் கட்டி ஒருவர் சுவரில் கல் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய கற்களில் சின்னச் சின்னக் கீறல்கள்: ஒன்றில் கொக்கி, ஒன்றில் அம்பு, ஒன்றில் சிலுவைக்குக் கால் முளைத்தது போல.

“இது என்னங்க?” என்றார் அம்சவள்ளி தமிழில்.

கல் மாற்றியவர் ஜெர்மனில் விரிவாக விளக்கினார். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, இருவரும் தலையாட்டினார்கள். பிறகு அவர் கொக்கிக் குறியைத் தொட்டு, உளியால் கொத்துவது போலக் காட்டி, தன்னைப் போல் ஒரு ஆள் என்பதாகத் தன் மார்பைத் தட்டினார். அடுத்த குறியைத் தொட்டு, வேறு யாரோ ஓர் ஆளைச் சுட்டுவது போலக் காற்றைக் காட்டினார். கடைசியாக, அன்று காலை வைத்த புதுக் கல்லில் தான் வெட்டிய குறியைக் காட்டிச் சிரித்தார்.

அம்சவள்ளிக்குப் புரிந்துவிட்டது. கல் செதுக்கிய ஒவ்வொருவனும் தன் கையொப்பத்தைப் போட்டிருக்கிறான். தன் தெருவில் முதன்முதலாக அரசாங்கப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அம்சவள்ளி. ஷூவைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் நின்று, எட்டிய கற்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டார். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

“பேப்பர்ல போட்ட கோட்ட விட்டு எங்கயோ போயிட்டம்மா! அப்பிடியே நில்லு, நான் பர்மிஷன் சொல்லிட்டு வரேன்.”

“வராத. கோபுரம் வலக்கைப் பக்கந்தான் இருக்கு.”

“அப்பிடின்னா?”

“அப்பிடின்னா நான் தொலையலன்னு அர்த்தம்.”

இரண்டு மணிக்கு மணிமொழி ஓட்டமும் நடையுமாக ஆற்றுவாசலுக்கு வந்தபோது, அம்சவள்ளி வாசல் தூணின் கற்களில் குறி தேடிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டேனா இல்லையா?”

மகளுக்கு மூச்சு வாங்கியது. “வந்துட்ட. சரி, இனிமே எங்க வேணாலும் போ. இப்ப வா, வூட்டுக்குப் போகலாம்.”

“நீ போயி சாப்புடு. எனக்கு இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு.”

“எதுக்கும்மா?”

“மூணு சுத்தணும்ல?” என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி நடந்தார். மணிமொழி பஸ்ஸைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நான்கு வருடமாக அந்த ஊரில் இருக்கிறாள். ஒரு சுற்றுகூடச் சுற்றியதில்லை.

“அம்மா, நில்லு. நானும் வரேன்.”

“வா. ஆனா வழி சொல்லாத.”