மாடி அறையில் ஒரு கத்திரி வெயில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறையில் குடியிருந்தோம். நான், கணவர், தவழத் தொடங்கியிருந்த மகள். அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மார்கழியில் வந்து பார்த்தபோது நல்ல காற்றோட்டம் என்று சந்தோஷப்பட்டுத்தான் குடியேறினோம். சித்திரை பிறந்த பிறகுதான் அந்தக் கூரையின் குணம் தெரிந்தது. காலைப் பலகாரம் முடிவதற்குள் தலைக்கு மேல் அனல் இறங்கத் தொடங்கிவிடும். பொழுது சாய்ந்தும் அடங்காது.

மகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. தலையில் வேனல் கட்டிகள். கீழே விட்டால் அழுவாள், தூளியில் போட்டால் அழுவாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் அழுகை சிணுங்கலோடு நிற்கும். ஆகவே நடந்தேன். கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு. அவள் தூங்கிய பிறகும் என்னால் உட்கார முடியாது. புடவை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முதுகில் வியர்வை இறங்குவது பூச்சி ஊர்வது போலிருக்கும். எழுந்து மறுபடி நடப்பேன்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அக்கா இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. பூர்விகமாக அந்த ஊர்க்காரர்கள். நெல் போட்ட நிலமெல்லாம் மனைகளாகிவிட்டிருந்தன. வீட்டு ஆண்கள் மனை வியாபாரம் என்று வெளியே சுற்ற, பகலில் அவர் தனியாகத்தான் இருப்பார். ஒருநாள் நான் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"இன்னாமா, நாள் பூரா மேல நடந்துகினே கீறியே, காலு வலிக்கல?"

"குழந்தை தூங்க மாட்டேங்குதுக்கா."

"எனக்குந்தான் தூக்கம் வர்ல. தொம்மு தொம்முனு என் தல மேலயே நடக்கிற மாதிரி கீது."

சிரித்துக்கொண்டு சொன்னாரா, கடிந்து சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அன்று எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவர் வாசலில் இல்லாத நேரம் பார்த்துத்தான் தண்ணீர் பிடிக்கப் போவேன். நடப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

சாயங்காலமானால் ரேடியோவைத் திருப்பி, செய்தியின் கடைசியில் வரும் வானிலைக்காகக் காத்திருப்பேன். "வெப்பச் சலனம் காரணமாக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். சென்னையிலும் புறநகரிலும் வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்." தினமும் இதேதான். மேற்கே பல்லாவரம் மலைக்குப் பின்னால் மேகம் திரளும், மின்னும், உறுமும், அப்படியே வேறு திசைக்குப் போய்விடும். காஞ்சிபுரம் பக்கம் நல்ல மழையாம் என்று மறுநாள் கணவர் சொல்வார். எங்களுக்கு மிஞ்சுவது புழுக்கம்தான்.

"இந்த வாரம் கண்டிப்பா பெய்யும் பாரு," என்பார் அவர்.

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

மே மாதக் கடைசியில் ஒருநாள் காலையிலேயே கரண்ட் போனது. மதியம் கடற்காற்று வரவேண்டிய நேரம் தாண்டியும் இலை அசையவில்லை. மகள் அழுதழுது குரல் கம்மிப்போயிருந்தாள். இனி ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. கூடுவாஞ்சேரியில் என் அண்ணன் வீடு ஓட்டு வீடு. பின்னால் கிணறும் வேப்பமரமும் உண்டு. பல்லாவரம் போய் ரயிலைப் பிடித்துவிடலாம், ஸ்டேஷன் பக்கத்து பூத்திலிருந்து கணவரின் கம்பெனிக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு இறங்கினேன். கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

பஸ் வரவில்லை. நிறுத்தத்துப் புளியமரத்தடியில் நின்றபடி தோள் மாற்றித் தோள் மகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக மாறியது. திரும்பினால் மேற்கு முழுக்கக் கறுப்பு. புழுதி முகத்தில் அடித்தது. எதிரே மெத்தை தைக்கும் கடையிலிருந்து பாய் ஒருவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"மரத்தடியில நிக்காதீங்கம்மா. கொழந்தையோட உள்ள வாங்க."

சாலையைத் தாண்டுவதற்குள் பெரிய பெரிய துளிகள் விழுந்தன. பின்னாலேயே ஆலங்கட்டி, தகர ஷட்டரில் கல்லெறிவது போல. இடி ஒவ்வொன்றும் காலடியில் அதிர்ந்தது. குளிர்ந்த காற்று பட்டதும் மகள் அழுகையை நிறுத்தி வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். சற்று நேரத்தில் கடைக்காரர் விரித்துக் கொடுத்த புது மெத்தையில் அயர்ந்து தூங்கிவிட்டாள். அத்தனை நாள் கேட்ட மழை கொட்டியது. எனக்கோ அதைப் பார்க்கக்கூட நிலைகொள்ளவில்லை. கடை வாசலுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காருங்கம்மா, ஓஞ்சுடும்," என்றார் பாய்.

ஓய்ந்தது. ஆனால் பல்லாவரம் சாலையில் மரங்கள் விழுந்து பஸ் நின்றுபோயிருந்தது. கணுக்கால் தண்ணீரில் வீட்டுக்கே திரும்பினேன்.

தெருமுனையிலிருந்தே வித்தியாசமாகத் தெரிந்தது. பக்கத்து மனையில் நின்ற தென்னைமரம் எங்கள் அறைமேல் சாய்ந்து கிடந்தது. மாடிக்கு ஓடினேன். கூரை உள்ளே விழுந்திருந்தது. தூளி தொங்கிய இடத்தில் மட்டைகளும் குரும்பையும் உடைந்த ஷீட்டும். அதன் நடுவே வீட்டுக்கார அக்கா, சொட்டச் சொட்ட நனைந்தபடி, துண்டு துண்டாக இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"எங்க போய்ட்டே நீ," என்றார். "மரம் வுழுந்துச்சு. அப்பால மேலேர்ந்து ஒரு சத்தமும் இல்ல. நடக்கிற சத்தமும் இல்ல, கொழந்த சத்தமும் இல்ல. நான் இன்னானு நெனைக்கிறது, சொல்லு."

அவர் குழந்தையை வாங்கி, தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு ஈரப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவருடைய உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கீழே கூட்டிப்போய் நான் பம்பை அடிக்க, கழுவிக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல. இன்னா பேஜார் பண்ட்டே."

"தூங்கறீங்கன்னு நினைச்சேன்க்கா."

"நான் எங்க தூங்கினேன்?"

இருட்டுகிற நேரத்தில் கணவர் பல்லாவரத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். கேட்டருகே வந்தவர் மாடியைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் கீழ்வீட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். காதில் விழவில்லை. வெளியே போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

கூரை போடும்வரை கீழ்வீட்டுக் கூடத்தில் இருந்தோம். மழைக்கு மறுநாளே வெயில் முன்னைவிட மூர்க்கமாக வந்தது. ஈரத்தரை ஆவியடித்து வேக்காடு தாங்கவில்லை. புது ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பித் தந்தார்கள். அறை கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் பகலில் அங்கே இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவேன். சிமெண்டுத் தரையில் அக்காவும் நானும் படுத்துக்கொண்டு, தூக்கம் வராமல், அவர் கரண்ட்காரனைத் திட்ட நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.