பாம்பு கடித்தவனுக்கு உறைக்காது

முதலில் ஒரு முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாம்பு கடித்தவன் வாயில் மிளகாயைப் போட்டால் உறைக்காது. உறைக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இதை நான் நாற்பத்தாறு வயது வரை, அதாவது மூன்று கிழமைக்கு முன்புவரை, பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல நம்பியிருந்தேன்.

எங்கள் ஊரில் யாரையாவது பாம்பு கடித்தால், விஷகடி வைத்தியரிடம் கொண்டுபோவதற்கு முன்னமே ஒருவர் ஓடிவந்து மிளகாயோ வேப்பிலையோ வாயில் திணிப்பார். "உறைக்குதோ? கைக்குதோ?" என்று கேட்பார். ஓம் என்றால் கூட்டம் கலைந்துவிடும். இல்லை என்றால்... பெண்கள் அழத் தொடங்குவார்கள்.

இந்தப் பரீட்சைக்கு ரொறன்ரோவில் நானே தோற்றுவேன் என்று யார் கண்டது?

நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறேன். மேலே வீட்டுக்காரர் வால்டர். ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், தனி ஆள். முற்றிலும் தனி என்றும் சொல்ல முடியாது. டெய்ஸி இருக்கிறாள். டெய்ஸி மூன்றரை அடி நீளம். செம்மஞ்சள் உடம்பு, அதில் செங்கல் நிறத் திட்டுகள். சமையலறை மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருக்கிறாள். கோர்ன் ஸ்நேக் என்று ஓர் இனமாம். ஆட்கள் நாய் வளர்க்கிற மாதிரி இதையும் வளர்க்கிறார்கள். மாலையில் வால்டர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஹொக்கி பார்ப்பார்.

என் மனைவி கமலாவுக்கு மூன்று வருடக் காத்திருப்புக்குப் பிறகு விசா கிடைத்தது. ஒருவருக்கென்று எடுத்த பேஸ்மென்டில் இனி இரண்டு பேர் இருக்கலாமா என்று வால்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தாராளமாக" என்றார். "எனக்கும் ஓர் உதவி செய். ஒரு கிழமை சட்பரிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். டெய்ஸியைப் பார்த்துக்கொள்."

மாட்டேன் என்று சொல்லக்கூடிய இடத்திலா நான் நின்றேன்?

கமலாவுக்கு எழுதிய கடிதத்தில் வீட்டில் ஹீற்றர் இருப்பதை எழுதினேன். பாம்பு இருப்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் விசாவைத் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

போகிற அன்று வால்டர் வகுப்பு எடுத்தார். மேலேயிருந்து கையைக் கொண்டுபோகாதே. பாம்பைத் தூக்கித் தின்கிற பருந்து மேலேயிருந்துதான் வரும். பக்கத்தால் கையை விட்டு, நடு உடம்பைத் தாங்கித் தூக்கு. கண் பால் படர்ந்த மாதிரி மங்கினால் தோல் உரிக்கப்போகிறாள், தொடாதே. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தூக்காதே. எலியை இடுக்கியால் கொடு. எலியைத் தொட்டால் கையைக் கழுவு.

எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றேன். மூன்று வருடமாக யார் ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் நான் "யெஸ், யெஸ்" என்றுதான் சொல்லிவருகிறேன். தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை வேலை எனக்கு வந்ததும் அப்படித்தான்.

முதல் இரண்டு நாள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ஆறடி தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பயம் ஒரு பக்கம். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. நாக்கை வெளியே விட்டு விட்டு எடுக்கிறதே, எதற்கு? கோபமா? இல்லையாம். காற்றை நக்கி மணம் பிடிக்கிறதாம். கண்ணுக்கு இமையே கிடையாது. ஒருவரை ஒருவர் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மட்டும் சிமிட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நாள். எனக்குப் பின்னேர வேலை. காலையிலேயே மேலே போனேன். கழுத்தில் ஒரு புது நீல டை. சனிக்கிழமை விமான நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு போகப் பழகிக்கொண்டிருந்தேன். பிறீசரில் ஐஸ்கிறீமுக்கும் பட்டாணிக்கும் நடுவே எலிகள், வெள்ளித்தாளில் சுற்றி, வரிசையாக. ஒன்றை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டு இளக வைத்தேன். இடுக்கியைக் காணவில்லை. இரண்டு விரலால் வாலைப் பிடித்துத் தூக்கிப் பெட்டிக்குள் ஒரு தட்டில் வைத்தேன்.

டெய்ஸி மரப்பட்டைக்குக் கீழே படுத்திருந்தாள். வரவில்லை.

சாப்பாடு போட்டுவிட்டு ஆளை எழுப்பாமல் விடுகிற வழக்கம் நமக்கு உண்டா? "எழும்பிச் சாப்பிடு" என்று ஒரு தட்டுத் தட்டினால்தானே விருந்து? மரப்பட்டையைத் தூக்கி, அதே கையை, மேலேயிருந்து, உள்ளே விட்டேன்.

தலை வந்ததை நான் காணவில்லை. வந்த பிறகுதான் கண்டேன். பெருவிரலின் அடியில் வாய் இருந்தது. உடம்பு மணிக்கட்டைச் சுற்றி இரண்டு சுற்று.

பாம்பு என்றால் கடித்துவிட்டு ஓட வேண்டாமா? இது ஓடவில்லை. பெருவிரலை எந்தப் பக்கத்தால் விழுங்கலாம் என்று யோசிக்கிற மாதிரித் தாடையை மெல்ல மெல்ல அசைத்தது. உண்மையைச் சொன்னால், வலி ரோஜா முள் கீறின அளவுதான். ஆனால் சாகப்போகிறவன் வலியையா அளந்து பார்ப்பான்?

பாம்போடு போய் மற்றக் கையால் பொன்னுத்துரை அண்ணைக்கு போன் அடித்தேன். ஸ்காபரோவில் அப்பார்ட்மென்டில் இருக்கிறார். குடிவரவு, கார் இன்ஷூரன்ஸ், செவ்வாய் தோஷம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் அவரைத்தான் கேட்பார்கள்.

"அண்ணை, என்னைப் பாம்பு கடிச்சுப்போட்டுது."

"வெளியிலை ஸ்நோ கொட்டுது. பாம்பு எங்காலை வந்தது?"

"வீட்டுக்காரன்ரை அண்ணை. வளக்கிற பாம்பு."

"காலமையே குடிச்சிட்டியோ?"

"இல்லையண்ணை. சத்தியமா."

"இப்ப பாம்பு எங்கை?"

"கையிலை."

"அடிச்சுப்போட்டியோ?"

"இல்லை. அது இன்னும் கடிச்சுக்கொண்டிருக்கு."

"அப்ப அடியன்" என்றார்.

"அடிச்சால் வீடு போயிடும் அண்ணை. சனிக்கிழமை கமலா வாறா."

"சரி, பதறாதை. நீ எந்தத் திசையைப் பாத்து நிண்டு கதைக்கிறாய்?"

விஷகடிச் செய்தி சொல்ல வருகிறவன் தெற்கைப் பார்த்து நின்றால் ஆள் தப்பாது என்று ஊரில் ஒரு கணக்கு.

"போன் வயர் எட்டின திசையைப் பாத்து" என்றேன்.

"ஏரிப்பக்கமோ?"

"ஓம் போலைதான் கிடக்கு."

"ஏரி தெற்கடா. திரும்பு."

திரும்பினேன். வயர் கழுத்தைச் சுற்றியது. இப்போது கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று.

"கடிச்ச இடத்துக்கு மேலை இறுக்கிக் கட்டு" என்றார். டையைக் கழற்றி, பல்லால் ஒரு முனையைப் பிடித்து முழங்கைக்கு மேலே இறுக்கினேன். காலை முழுக்கக் கண்ணாடி முன் வராத முடிச்சு அந்த நேரம் அச்சொட்டாக வந்தது.

"மிளகாய் ஏதும் கிடக்கோ பார்."

அடுப்புக்கு மேலே தட்டில் ஒரு போத்தல். உள்ளே நல்ல சிவப்புத் தூள். என் மூக்குக்கண்ணாடி கீழே பேஸ்மென்டில் கிடந்தது. அது இருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன். எங்கள் ஆட்களுக்குச் சிவப்புத் தூள் என்றால் ஒரு தூள்தானே? ஒரு கரண்டி அள்ளி வாயில் கொட்டினேன்.

"உறைக்குதோ?"

"இல்லை அண்ணை."

"வடிவாப் போடு."

இன்னொரு கரண்டி. நாக்கு, அண்ணம், பல்லிடுக்கு எல்லாம் சிவப்பு. ஒன்றுமே இல்லை. மரத்தூள் தின்கிற மாதிரி.

"கொஞ்சம் இனிக்குது அண்ணை."

"இனிக்குதோ?"

குரல் அப்படியே இறங்கிவிட்டது. பிறகு, மிக மென்மையாக, இத்தனை வருடப் பழக்கத்தில் என்னோடு ஒருநாளும் பேசாத ஒரு குரலில் கேட்டார்:

"கமலாவின்ரை பிளேன் எத்தினை மணிக்கு?"

"மூண்டு மணிக்கு."

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

வாசகர்களே, நான் ஊரில் ஷெல்லடிக்குத் தப்பினவன். அப்போதுகூட இப்படி நாள் எண்ணவில்லை. மூன்று வருடம் காத்திருந்தாயிற்று. இன்னும் நாலு நாள். அந்த நாலு நாள் இல்லையா எனக்கு?

"ஆம்புலன்சுக்கு அடி" என்றார் அண்ணை. அடித்தால் என்ன விஷம் என்று கேட்பார்களே? அது வால்டருக்குத்தானே தெரியும். பிரிட்ஜில் ஒட்டியிருந்த சட்பரி நம்பரைச் சுழற்றினேன். விஷயத்தைச் சொன்னேன். வால்டர் கேட்ட முதல் கேள்வி:

"டெய்ஸிக்கு ஒன்றுமில்லையே?"

அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் நடுங்கினேன்.

"எலியைத் தொட்ட கையைக் கழுவினாயா?"

மூன்று வருடத்தில் முதன்முறையாக "நோ" என்றேன்.

சிரித்தார் மனிதர். "விஷமே கிடையாது. உன் கையை அவள் எலி என்று நினைத்துவிட்டாள். இழுக்காதே, இழுத்தால் பல் முறியும்."

"என் கைக்குள்ளா?"

"அவளுடைய பல் பாவம் இல்லையா? குழாயைத் திற. குளிர்தண்ணீரை மெதுவாக அவள் தலையில் விடு."

விட்டேன். அரை நிமிடத்தில் வாயைத் திறந்து, சுற்றை அவிழ்த்தாள். நடு உடம்பைத் தாங்கிக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் இருந்த உண்மையான எலியைத் தலைப்பக்கத்தால் தொடங்கித் தின்றாள். கோபமா, வெட்கமா, ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கையில் அரைவட்டமாகக் குண்டூசி குத்தின மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். டையின் முடிச்சு மட்டும் அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன்.

இதோடு முடிந்ததா? எங்கே முடிந்தது.

"வெள்ளைக்காரன் தன்ரை பாம்பை விட்டுக்குடுப்பானோ?" என்றார் பொன்னுத்துரை அண்ணை. "விஷமில்லை எண்டால் ஏன் உறைக்கேல்லை? அதுக்குப் பதில் சொல்லு."

விஷம் மெல்ல ஏறுகிற இனமோ என்னவோ? இன்னொரு முறை மிளகாயைக் கடித்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்து, உறைக்காவிட்டால்? கீழே என் அறையில் முழுப் போத்தல் மிளகாய்த்தூள் இருந்தது. அந்தப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை வரைக்கும் பாணும் ஜாமும். பயந்தவனுக்கு உண்மை தெரிவதைவிடத் தெரியாமல் இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

சனிக்கிழமை டை இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனேன். பொன்னுத்துரை அண்ணையும் வந்தார். என் உடம்பில் நம்பிக்கை இல்லாமல் வந்தார் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு திறந்தது. கமலா வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

வீட்டுக்கு வந்து குளிர் விடுவதற்குள் சூட்கேஸைத் திறந்து வறுத்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்தாள். சேலை எல்லாம் அதன் வாசம். சோறும் முட்டைக் குழம்பும். அண்ணைக்கும் போட்டாள். அண்ணை தட்டில் கை வைக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாய் வைத்தேன்.

"உறைக்குதோ?" என்றார்.

"ஏன், தூள் கூடிப்போச்சோ?" என்றாள் கமலா.

முதலில் நாக்கு. பிறகு காது. மூக்கு ஓடியது. கண்ணால் பொலுபொலுவென்று கொட்டியது.

"உறைக்குது அண்ணை."

அதற்குப் பிறகுதான் அவர் சோற்றைப் பிசைந்தார். கமலா என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தானும் அழுதாள். "மூண்டு வருசம் என்ன பாடுபட்டியளோ" என்றாள். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு அதில் பிழை இருந்ததாகவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வால்டர் வந்தார். குழம்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கமலாவோடு மேலே போனேன், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. முதல் வேலையாக அந்தப் போத்தலைத் திருப்பி வாசித்தேன். பப்ரிக்கா. உறைப்பில்லாத மிளகாயைக் காயவைத்து அரைத்த தூளாம். இறைச்சிக்கு நிறம் வருவதற்காகப் போடுவதாம். உறைக்காத மிளகாயை ஒருவன் எதற்காக அரைப்பான் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதற்குள் கமலா கண்ணாடிப் பெட்டியைக் கண்டுவிட்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. பாம்பைப் பார்த்தாள். என் கையில் இருந்த புள்ளிகளைப் பார்த்தாள். வெட்டின டை குப்பைக்கூடையில் கிடந்ததை நேற்றே கண்டிருக்கிறாள் போல.

"உங்களைக் கடிச்சதோ?"

"ஓம்."

"சும்மா இருந்த உங்களை என்னத்துக்குக் கடிச்சது?"

"எலியைத் தொட்ட கையை நான் கழுவேல்லை" என்றேன்.