மீதி நூற்று அறுபத்தொன்பது பேர்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். மருத்துவ ஆய்வுகளை நம்பலாமா கூடாதா என்று தரம் பார்ப்பது வேலை. கூட்டாளி ‘கட்டைப்பேனா’, அவளைவிட இரண்டு வயது இளையவர், பத்து மடங்கு அவசரக்காரர். இருவரும் ஒரே ஆய்வைத் தனித்தனி அறையில் படித்து, மையால் தரம் எழுதி, உறையில் ஒட்ட வேண்டும். பிறகு சேர்ந்து பிரிக்க வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது.

அன்று வந்தது, மாத்திரை நேரத்தைக் கைபேசியில் நினைவூட்டும் செயலியைப் பற்றிய ஆய்வு. இதய நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒழுங்காக மாத்திரை போட்டார்களாம். தரம் நன்றாக வந்தால், நோயாளிகளை வாரந்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கும் செவிலியர்களை மருத்துவமனை நிறுத்திவிடும்.

கட்டைப்பேனாவுக்குச் சந்தேகமே இல்லை. போன வருடம் நெஞ்சடைத்து மறுபிறவி எடுத்த சல்லடையின் கணவர், அதே செயலியைத்தான் வைத்திருந்தார். அதை அவள் மேலதிகாரியிடம் எழுதியே கொடுத்திருந்தாள். வேறு ஆளில்லை, நீயே படி என்றுவிட்டார். அவள் எப்படி மட்டம் தட்டுவாள்? ‘உயர்தரம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, கட்டைப்பேனா டீ குடிக்கப் போனார்.

உறைகளைப் பிரித்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எழுதியிருந்தது: ‘நம்ப முடியாது.’

“என்ன மேடம் இது? சொந்த வீட்டுலயே பாத்துட்டுமா?”

“அதனாலதான் சார் ரெண்டு தடவ படிச்சேன். ஏழாம் பக்கம், அடியில பொடி எழுத்து. மொதல்ல எத்தன பேரச் சேத்தாங்க?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “நானூறு.”

“கடைசியில எத்தன பேர எண்ணினாங்க?”

“இருநூத்தி முப்பத்தொண்ணு.”

“மீதி நூத்தி அறுபத்தொம்பது பேர் எங்க சார் போனாங்க?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தத் தொண்ணூறு, கடைசிவரை நின்றவர்களில் தொண்ணூறு. அதே பக்கத்தை அவரும் புரட்டியிருந்தார். கண் இருந்தது, கவனம்தான் இல்லை.

ஆய்வாளருக்கு எழுதிக் கேட்டார்கள். பத்தாம் நாள், பாவம், மழுப்பாமல் பதில் போட்டார். விலகியவர்களில் பெரும்பாலோர் கண் மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள். செயலியைத் திறக்கவே முடியாதவர்கள். செவிலியரின் குரல் வேண்டியிருந்தது அவர்களுக்குத்தான்.

கட்டைப்பேனா கூசிப்போய்த் தன் தாளை அடிக்கப் போனார்.

“அடிக்காதீங்க சார். கீழ தேதி போட்டுப் புதுசா எழுதுங்க. நாம எங்க தடுக்கினோம்னு அடுத்து படிக்கறவங்களுக்கும் தெரியட்டும்.”

அப்படியே எழுதினார். செவிலியர்களின் அழைப்புகள் தொடர்ந்தன.

அந்த வாரம் ஒரு மாலை, வாசலில் அவளுக்காகக் கணவர் காத்திருந்தார். கைபேசி கூவியது. சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் வந்த கட்டைப்பேனாவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஆனா மேடம், இவர் பொழச்சுக் கெடக்கறது இதாலதானே?”

அவள் கணவரைக் கண் நிறையப் பார்த்தாள். அந்தச் செயலியைக் கும்பிடாத குறையாக வைத்திருக்கிறவள் அவள்.

“இருக்கலாம் சார்,” என்றாள். “இவர் ஒருத்தர மட்டும் வச்சு அப்படிச் சொல்லிட முடியாது.”

இப்படியும் ஒரு மனுஷியா என்று கட்டைப்பேனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளோ கணவர் பக்கம் திரும்பி, “வெறும் வாயில முழுங்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.