எலிவேட்டர் வாசலில் ஒரு கைகுலுக்கல்

நான் வேலைக்குப் புறப்படும்போது என் நான்கு வயது மகள் அழாமல் கையை நீட்டினாளே, அந்தக் கையைக் குலுக்கியிருக்க வேண்டுமா, அவளைத் தூக்கி அணைத்திருக்க வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எங்கள் எதிர்க்கதவில் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணி தனியே இருந்தார். அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். நான் வேலைக்குப் போகும் நாட்களில் மகளை அவரே பார்த்துக்கொண்டார். அவருடைய தகப்பன் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர். அண்ணன் இன்னும் அங்கேயே அதே சேவகத்தில் இருந்தார். போன் கார்ட்டில் மட்டும்தான் இருவருக்கும் பேச்சு. அரச குடும்பம் இடம் மாறும்போதெல்லாம் தகப்பனும் கூடவே போய்விடுவாராம். பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று கைகுலுக்கி அனுப்ப வேண்டும். சீருடை போட்டவரைக் கட்டிப்பிடிக்கக் கூடாது, அழவும் கூடாது. அன்ரி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகள் அதை அவரிடமிருந்து பழகிக்கொள்வாள் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

அவள் முதன்முதலாகக் கையை நீட்டிய அன்று, அவசரமாகக் குலுக்கிவிட்டுப் போய் பஸ்ஸில் அழுதேன். மாலையில் கணவரிடம் சொன்னேன்.

"நல்லதுதானே. முந்தி உம்மடை கோட்டிலை தொங்கிக்கொண்டு கத்துவாள். இப்ப மகாராணி மாதிரி அனுப்பிவிடுறாள்."

"பகிடி விடாதேங்கோ. பிள்ளைக்கு என்னிலை பாசம் குறைஞ்சுபோச்சோ எண்டு யோசிக்கிறன்."

"உமக்கு அவள் அழுதாலும் யோசனை, அழாட்டிலும் யோசனை."

இந்தப் பழக்கம் வேண்டாம் என்று அன்ரியிடம் சொல்லிவிடத் தீர்மானித்தேன். அவர் மனம் நோகாத வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவருடைய அண்ணன் விடுமுறையில் வந்தார். அவர் திரும்பிப் போகும் அன்று, மகளையும் கூட்டிக்கொண்டு வழியனுப்பப் போனேன். அவர் போனதும் அன்ரியிடம் பேசிவிடலாம் என்பது என் எண்ணம்.

அண்ணன் கோட்டுப் பொத்தான்களை எல்லாம் பூட்டி, பெட்டியோடு எலிவேட்டருக்குள் நின்றார். அன்ரி வெளியே நின்றார். இருவரும் கைகுலுக்கினார்கள். குலுக்கல் நின்றது, கைகள் விடவில்லை. மூட வந்த கதவு அவர்கள் கைகளில் முட்டித் திரும்பியது. மறுபடியும் வந்து முட்டியது.

"அப்பா இருந்திருந்தால் பிந்திவிட்டாய் என்று ஏசுவார்," என்றார் அண்ணன்.

"அப்பாவும் என் கையை இப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பார். நீ வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன், உனக்குத் தெரியாது," என்றார் அன்ரி.

"அம்மா, டோர் க்ளோஸ் பண்ண ஏலாமல் நிக்குது," என்றாள் மகள்.

நான் தேடி வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை மகள் கையை நீட்டியபோது விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, பஸ் போயிடும்," என்று அவளே கையை இழுத்துக்கொண்டாள்.

செப்டெம்பரில் அவள் பள்ளிக்கூடம் தொடங்குகிறாள். மற்றப் பிள்ளைகள் தாயைக் கட்டிக்கொள்ளும் அந்த வாசலில் இவள் கையைத்தான் நீட்டுவாள் என்று நினைக்கிறேன். அவள் தருவதை அப்படியே வாங்கிக்கொள்ளவா, இழுத்து அணைக்கவா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.